மிளகு சுவர் பிடித்து நிற்கிறாள்

போன வாரம், வேலைக்குக் கிளம்பிய லிஃப்ட் மெக்கானிக் மாடிப்படியிலேயே நின்று போனை வெறித்துப் பார்த்ததோடு விட்டிருந்தோம். அவனுக்கு வேலை போய்விட்டது, எங்கேயோ இன்னொருத்தி இருக்கிறாள் என்றெல்லாம் ஊகம் செய்து வைத்திருப்பீர்கள். அவ்வளவு சின்ன விஷயமாக இருந்திருந்தால் தேவலை.

போனில் வந்திருந்தது ஒரு பிறந்தநாள் நினைவூட்டல்.

"நாளை மிளகுவின் முதல் பிறந்தநாள். மீன ராசிக் குட்டிக்கு மறக்காமல் வாழ்த்துச் சொல்லுங்கள்." பக்கத்தில் பலூன் படம் வேறு.

மிளகு அவனுடைய மகள். பிறந்த அன்று கருகருவென்ற தலைமுடியோடு சின்னதாக இருந்தவளைப் பார்த்து அவன்தான் அந்தப் பெயரைச் சொன்னான். நல்ல பெயர் ஒன்றை வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்றிருந்தார்கள். மிளகு வீட்டுக்கு வரவே இல்லை. இதயத்தில் கோளாறு என்றார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், இரண்டு வாரம் நிறைவதற்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதெல்லாம் கேஸ் வந்ததா, தண்ணீர் வந்ததா, குடையை எடுத்துக்கொண்டாயா என்பதோடு சரி.

மெக்கானிக் படியேறித் திரும்பி வந்தான். பெண்டாட்டி குளித்துக்கொண்டிருந்தாள். வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு இன்று வார விடுமுறை. சமையலறையில் அவன் தங்கை டப்பாவில் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். வாய் ஓயாது. ஓய்ந்தால் கை ஓயாது, போனில் தட்டிக்கொண்டே இருக்கும். ராசிபலன் செயலி இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. எந்த நிறத்தில் உடுத்துவது என்பதுகூட அதைக் கேட்டுத்தான்.

அவன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "என்ன இது?"

சில்வண்டுக்கு முகம் வெளுத்தது. "அப்பப் போட்டதுண்ணா. ஆஸ்பத்திரியில. நீயும் பக்கத்துலதான இருந்தே."

"எடுத்துடு. உன் அண்ணி கண்ணுல படுறதுக்குள்ள எடுத்துடு."

சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவதாக அவள் சொன்னாள். ஒரு பட்டனைத் தட்டுவதற்குச் சாயங்காலம் வரை என்ன வேலை என்று அவன் கேட்டான். அதில் நிறைய இருக்கிறது என்று மென்று முழுங்கினாள். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவன் பேச்சை விட்டுவிட்டு இறங்கிப் போனான்.

அந்த நிறைய என்னவென்று சொல்லிவிடுகிறேன். சில்வண்டின் மேல் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அவளை அடிக்கக் கை ஓங்கினால் கை பாதியில் நின்றுவிடுகிறது.

அந்தச் செயலியில் நம் ஜாதகத்தைப் போட்டால், அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். யாருக்கும் யாருக்கும் பொருந்தும், யார் இன்று யாரிடம் எரிந்து விழுவார்கள் என்று அதுவே சொல்லும். அப்படிச் சேர்ந்த பெண்கள் சிலர் 'பன்னிரண்டு கட்டம்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி நேரில் பார்த்ததில்லை. பெயர்கூடத் தேவைப்படவில்லை. கன்னி அக்கா, மகர டீச்சர், விருச்சிகம் என்று ராசிதான் பெயர். விருச்சிகம் யாரையாவது கடித்துக் குதறினால், பாவம் அவள் என்ன செய்வாள், ராசி அப்படி என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். சில்வண்டு அங்கே மிதுனம்.

மிளகு பிறந்த நேரத்தை நர்ஸ் சொன்ன கையோடு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே சில்வண்டு செயலியில் ஒரு ஜாதகம் போட்டாள். அண்ணன் போனையும் வாங்கி அதோடு இணைத்தாள். கட்டத்தை எடுத்துக் குழுவில் போட்டாள். 'நான் அத்தை ஆயிட்டேன்' என்று எழுதினாள். அன்று முழுக்க அந்தக் குழுவில் ஒரே கொண்டாட்டம்.

குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள், கன்னி அக்கா கேட்டிருந்தாள்: 'மிளகு தூங்க விடுறாளா?'

சில்வண்டு, 'அவ இப்ப' என்று எழுதினாள். அதற்குமேல் எழுத முடியவில்லை. அழித்துவிட்டு ஒரு இதயத்தை மட்டும் அனுப்பினாள். கன்னி அக்கா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் மகர டீச்சர் கேட்டாள், சிரிக்கிறாளா என்று. சிரிக்கிறாள் என்றாள் சில்வண்டு. செயலியில் குழந்தைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. மீன ராசிக் குழந்தை இந்த வாரம் புரண்டு படுக்கும் என்று அது சொன்னால், சில்வண்டு குழுவில் போய், புரண்டுவிட்டாள் என்பாள். பல் வரும் என்றால் வந்துவிட்டது என்பாள். பொய் சொல்கிறோம் என்று முதலில் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு அதுவும் பழகிவிட்டது. வீட்டில் யாரும் அவளை அத்தை என்று சொல்லப்போவதில்லை. அங்கே போனால் அவள் அத்தை.

இப்படியாக, பிறந்த இரண்டு வாரத்தில் செத்துப்போன ஒரு பிள்ளை, முன்பின் பார்க்காத பெண்களுக்கு நடுவில் ஒரு வருஷம் வளர்ந்துவிட்டது.

*

மெக்கானிக்குக் காலையில் ஒரு அலுவலகக் கட்டிடத்தில் வேலை. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நாலைந்து பேர். ஒரு பெண்மணிக்கு மூச்சு முட்டுகிறதாம். அவன் மேல்தளத்துக் கதவை விலக்கிப் படுத்துக்கொண்டு, இடுக்கு வழியாக அவளிடம் பேசினான். பயப்படாதீங்கம்மா, காத்து வரும், என் குரலைக் கேட்டுக்கிட்டே இருங்க என்றான். சாப்பிட்டீர்களா, என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வெளியே வந்ததும் அந்தப் பெண்மணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு பேசத் தெரிந்தவன்தான், வீட்டில் பெண்டாட்டி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்கிறான். அவளுக்கு ஆறட்டும் என்று நினைக்கிறானாம். கேட்டால் அப்படித்தான் சொல்வான். அவனுக்குப் பயம். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவனுக்கே தெரியாது.

*

சில்வண்டுக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை. வருகிறவர்கள் பெயரைப் பதிந்து உட்கார வைக்க வேண்டும், போனை எடுக்க வேண்டும். இன்று தலைக்கு மேல் கூட்டம். நடுநடுவே மேஜைக்கடியில் போனை வைத்துக்கொண்டு குழுவில் எழுதினாள்.

'உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்.' அழித்தாள்.

'மிளகு நம்மகூட இல்ல.' அழித்தாள்.

செயலியில் மிளகின் பக்கத்தை அழிப்பது சுலபம். ஆனால் நாளை வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள், மிளகு எங்கே என்று கேட்பார்கள். அதனால் முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு அழிக்க வேண்டும். கணக்கென்னவோ சரியாகத்தான் இருந்தது. விரல்தான் நகரவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர், வலி தனக்கா அவளுக்கா என்று தெரியாத மாதிரி அவளையே பார்த்தார்.

மதியம் ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லோரிடமும் ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம். கன்னி அக்காவிடம் மட்டும் பேசிவிடலாம். அக்கா மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வாள். கிளினிக்கின் பின்கதவைத் திறந்து, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று போன் போட்டாள்.

கன்னி அக்கா எடுத்த எடுப்பிலேயே சிரித்தாள். "வந்துடுச்சா? கொடுத்தாச்சுன்னு எனக்கு இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. பிரிச்சியா?"

சில்வண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. எது என்று கேட்டாள்.

எல்லோரும் சேர்ந்து மிளகுக்கு ஒரு பரிசு அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்கென்று அனுப்பியது ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. விலாசம், முன்பு ஒரு தடவை அக்கா புத்தகம் அனுப்பியபோது சில்வண்டு கொடுத்த அதே விலாசம்தான். என்ன என்று சொல்லமாட்டேன், வீட்டுக்குப் போய்ப் பார் என்றாள் அக்கா. அப்புறம் குரல் கொஞ்சம் தழைந்தது.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன. எனக்குப் புள்ள இல்லன்னு உனக்குத் தெரியும். காலைல எந்திரிச்சதும் உன் மெசேஜைத்தான் முதல்ல பாப்பேன். ஒரு புள்ள வளர்றதைப் பக்கத்துல இருந்து பாக்குற மாதிரி இருக்கும்."

வாய் ஓயாத சில்வண்டு, சரிக்கா என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அண்ணி வீட்டில் இருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. தலைவலி என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கிளினிக்கை விட்டு ஓடினாள்.

*

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது.

அண்ணி முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அட்டைப்பெட்டி பிரிந்து கிடந்தது. மஞ்சள் சக்கரங்கள், சிவப்புக் கட்டைகள், பிடிப்பதற்கு உருண்டையாக ஒரு குச்சி, ஒரு பொட்டலத்தில் திருகாணிகள். பூட்ட வேண்டிய நடைவண்டி. எல்லாவற்றையும் அண்ணி வரிசையாகப் பரப்பியிருந்தாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கச் சின்னத் திருகாணிகளோடு பழகிய கை. ஒன்றுகூட உருண்டு போகவில்லை.

அவள் மடியில் ஒரு வாழ்த்து அட்டை இருந்தது. 'மிளகுக்கு. சுவரை விட்டுட்டு நடந்து வாடா தங்கம். கட்டத்துப் பெரியம்மாக்கள்.'

சில்வண்டு வாசலிலேயே நின்றாள். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை.

"சுவரைப் பிடிச்சு நிக்கிறாளா?" என்று கேட்டாள். "எப்பலேர்ந்து?"

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் சில்வண்டு நினைத்தாள். ஓடிவந்து அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். வராந்தாவில் ஜாதகம் போட்டதிலிருந்து கன்னி அக்கா கேட்டது, இதயம் அனுப்பியது, புரண்டது, பல் வந்தது என்று எதையும் பூசி மெழுகாமல் அழுதுகொண்டே கொட்டினாள். அடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அண்ணி அடிக்கவில்லை. காலை விடுவித்துக்கொண்டாள்.

"படி," என்றாள்.

"அண்ணி..."

"முதல்லேர்ந்து படி."

சில்வண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் மேலே மேலே தள்ளிப்போனாள். ஆரம்பத்திலிருந்து படித்தாள். மிளகு இன்று சிரித்தாள். மிளகுக்குச் சளி, மகர டீச்சர் சொன்ன மாதிரி நெஞ்சில் தடவினோம், இப்போது தேவலை. மிளகு அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்கிறாள். போட்டோ போடச் சொல்லாதீங்க, கண் பட்டுடும்னு வீட்டுல திட்டுறாங்க. மிளகுக்குக் கீழே இரண்டு பல். மிளகு மிக்சி போட்டால் வீறிட்டு அழுகிறாள்.

"இல்ல," என்றாள் அண்ணி.

சில்வண்டு நிறுத்தினாள்.

"மிக்சி சத்தத்துக்கெல்லாம் அவ அழமாட்டா. ஆஸ்பத்திரியில சுத்தி அத்தனை மிஷின் கத்துச்சு. அவ பாட்டுக்குத் தூங்கினா. அதை மாத்து."

போன மாதம் எழுதியதை இப்போது எப்படி மாற்றுவது என்று சில்வண்டுக்கு முட்டாள்தனமாக ஒரு யோசனைகூட ஓடியது. மேலே படித்தாள். தவழ்ந்தது, தட்டைத் தட்டிவிட்டது, கதவிடுக்கில் விரலை வைத்துக்கொண்டு அழுதது. அண்ணி சில இடங்களில் தலையாட்டினாள். ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் சிரித்தாள். மிளகு சுவரைப் பிடித்து எழுந்து நின்ற நாள் வந்தபோது, அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இது எல்லாத்தையும் நீ ஒருத்தியாப் பாத்திருக்கே," என்றாள். "பக்கத்து ரூம்ல நான் இருந்தேன். ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டணும்னு உனக்குத் தோணலையே."

பொய் சொன்னாய் என்று திட்டியிருந்தால் சில்வண்டு தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. பெற்றவளிடம் சொல்லாமல் அவள் பிள்ளையை வளர்த்தது நிஜம்தானே.

*

மெக்கானிக் அன்று பொழுதோடு வந்துவிட்டான். காலையிலிருந்து மனசு சரியில்லை. செருப்பைக் கழற்றும்போதே சக்கரங்களைப் பார்த்தான். அப்புறம் தங்கையின் முகத்தை. என்ன இது என்று இரண்டாவது முறையாக அன்று கேட்டான்.

சில்வண்டு சொன்னாள். இந்த முறை சுருக்கமாகச் சொல்ல முடிந்தது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் குரல் ஏறவில்லை, இறங்கியது.

"இப்பவே உண்மையைச் சொல்லு. நாளைக்கு ஊரு பேரு தெரியாதவங்க எல்லாம் என் புள்ளைக்கு ஹேப்பி பர்த்டே சொல்லணுமா? அதை அவ பாக்கணுமா?"

அவ என்றது பெண்டாட்டியை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே இல்லாத மாதிரிதான் அவன் பேசினான். ஒரு வருஷமாக அப்படித்தான்.

சில்வண்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

"குடு," என்றாள் அண்ணி. "நான் எழுதுறேன்."

சில்வண்டுக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பெற்றவளே சொல்லிவிட்டால் யாரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. போனைக் கொடுத்தாள். அண்ணி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நிதானமாக எழுதினாள். மெக்கானிக் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதி முடித்து அனுப்பிவிட்டு, அண்ணி போனைத் தரையில் மல்லாக்க வைத்தாள்.

சில்வண்டு எட்டிப் பார்த்தாள்.

'மிளகோட அம்மா எழுதுறேன். வண்டி வந்துச்சு. ரொம்ப நன்றி. இப்பத்தான் அதைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு அடி வெச்சா.'

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழுவில் அதற்குள் இதயங்கள் வர ஆரம்பித்துவிட்டன. மிளகு அம்மா வந்துட்டாங்க, மிளகு அம்மா வந்துட்டாங்க என்று ஒருவர் மாற்றி ஒருவர். விருச்சிகம்கூட முத்தம் அனுப்பியிருந்தாள்.

மெக்கானிக் குனிந்து படித்தான். படித்துவிட்டுப் பெண்டாட்டியின் எதிரில், திருகாணிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அவ செத்துட்டாம்மா," என்றான்.

அந்த வீட்டுக்குள் யாரும் அதைச் சொல்லி அன்றுவரை கேட்டதில்லை.

"தெரியும்," என்றாள் அவள். "அங்க மட்டும் இருக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

போன் அதிர்ந்தது. கன்னி அக்கா எழுதியிருந்தாள். அண்ணிதான் எடுத்தாள். எடுத்து வாய்விட்டுப் படித்தாள்.

'நடக்குறதை ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்களேன். கண்ணு படும்னு பயந்தீங்கன்னா முகம் வேணாம். பாதம் மட்டும் காட்டுங்க. எனக்கு அது போதும்.'

பாதம் என்ற இடத்துக்கு வந்ததும் அவள் குரல் உடைந்தது. போனைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்து அழுதாள். ஒரு வருஷமாக அழாத அழுகை. சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. யாரும் லட்சியம் செய்யவில்லை.

மெக்கானிக் அவள் பக்கத்தில் நகர்ந்து வந்தான். முதுகில் கை வைத்தான். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு, ஒரு வருஷமாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டான்.

"எனக்கு அவ முகம் மறந்துக்கிட்டே வருது. உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவள் மூக்கை முந்தானையில் துடைத்தாள். "முகத்துல ஏகப்பட்ட குழாய். எங்க பாத்தேன்? பாதத்தை மட்டும்தான் தொட விட்டாங்க. தினமும் அதைத்தான் பிடிச்சிட்டிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி அவன் காலைத் தொட்டாள். "கட்டை விரலைவிடப் பக்கத்து விரல் நீளம். உங்கள மாதிரியே."

அவன் தன் காலையே பார்த்தான். அவனுக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவனும் உடைந்து அழுதான்.

சில்வண்டு இருவரையும் பார்த்தபடி நின்றாள். எங்கே உட்கார்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த அழுகைக்குள் தனக்கும் இடம் உண்டா என்று யாரிடம் கேட்பாள்?

தரையில் போன் அடிக்க ஆரம்பித்தது. கன்னி அக்கா. வீடியோ அழைப்பு. பதிலுக்குப் பொறுக்காமல் பிள்ளையைப் பார்க்க அவளே கூப்பிடுகிறாள்.

சில்வண்டு கட் செய்யக் குனிந்தாள். அண்ணியின் கை அவளுக்கு முன்னால் போனை எடுத்தது.